நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரம்?

வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவன் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வாக்கியம் எது தெரியுமா? பாட்டின் பெயரும் இல்லை, படத்தின் பெயரும் இல்லை. “இப்போது நேரம்...” என்று தொடங்கும் அந்த ஒரு வரிதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அம்மாவும், எம்ஆர்டியைப் பிடிக்க ஓடும் இளையரும் அதை நம்பித்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

ஆனால் நான் காலை மணி ஏழு என்று சொல்வதை மாலை ஆறு மணிக்குக் கேட்கும் நேயர் ஒருவர் இருக்கிறார். அதுவும் முந்தைய நாள் மாலை. அவர் என் அக்கா. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கிறார். கைப்பேசிச் செயலியில் என் நிகழ்ச்சியை ஓடவிட்டு, இரவுச் சமையலைத் தொடங்குவார். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் 13 மணி நேர வித்தியாசம். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் 12 மணி நேரம்.

“உன் ஊர்ல நாளைக்கு விடிஞ்சிருச்சு. என் ஊர்ல இன்னும் சாயங்காலமே முடியல,” என்பார் அக்கா.

போன டிசம்பரில், எழுபது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்வந்தேன். இடையில் எங்கும் நிற்காமல் பறக்கும் வழக்கமான பயணிகள் சேவைகளில் உலகிலேயே ஆக நீளமானது, சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்குப் போகும் சேவைதான். தூரம் 15,349 கிலோமீட்டர். பயண நேரம், அட்டவணைப்படி ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம்.

அந்த எண்ணைச் சொன்னதும் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பயப்படுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

“உங்கக்கா அன்னிக்கு இவ்வளவு நேரமா ஒத்தையில உட்கார்ந்து வந்தா?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த ‘அன்னிக்கு’ எது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தூரக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஒரு நூல், ஓர் உலக உருண்டை

வீட்டில் பிள்ளைகள் படிக்கும் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். ஒரு நூலை சிங்கப்பூரில் வைத்து, மறுமுனையை நியூயார்க் வரை இழுத்துப் பிடியுங்கள். நூல் ஜப்பான் பக்கம் போகுமா, ஐரோப்பா பக்கம் போகுமா? இரண்டும் இல்லை. நேராக வடதுருவத்தின் தலைமேல் ஏறி மறுபக்கம் இறங்கும்.

காரணம் எளிது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கு 74-இல். இரண்டையும் கூட்டினால் 178. அதாவது இரண்டு நகரங்களும் உருண்டையின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. நாம் பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கே. அவர்கள் நாற்பதரைப் பாகை வடக்கே. 180 பாகையிலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 138. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள். 15,300-ஐத் தொட்டுவிடும். பெரிய கணினி எதுவும் வேண்டாம், காப்பிக்கடைத் துண்டுக் காகிதமே போதும்.

பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே உலகில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. சிங்கப்பூர்-நியூயார்க் அதில் நான்கில் மூன்று பங்கு. அக்காவுக்குக் கல்யாணமாகிப் போன இடம், இந்த உலகில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கக்கூடிய ஆகத் தொலைவான ஊர்களில் ஒன்று என்று அப்பா சொல்வார். வேடிக்கையாகத்தான் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் பொய் அதிகமில்லை.

ஒரு சுவையான தகவல். நியூயார்க்குக்கு அருகில் உள்ள நூவர்க் விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரிலிருந்து நேரடிச் சேவை உண்டு. அந்தத் தூரம் 15,344 கிலோமீட்டர். ஐந்தே ஐந்து கிலோமீட்டர் வித்தியாசத்தில் முதலிடத்தைத் தவறவிட்டது. தேக்காவிலிருந்து தோ பாயோவுக்குப் போகும் தூரம்தான் அது.

அப்பா காத்திருந்த விமானம்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூன் மாதத்திலேயே நூவர்க்குக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. அப்போது பயன்பட்டது ஏர்பஸ் ஏ340-500. நான்கு இயந்திரங்கள் கொண்ட விமானம். நான்கும் எரிபொருளைக் குடித்துத் தள்ளின. 2008-இல் மொத்த விமானத்தையும் வெறும் 100 பிசினஸ் வகுப்பு இருக்கைகளாக மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நின்றது.

அதற்கு அடுத்த ஆண்டுதான் அக்காவுக்குக் கல்யாணமாகி அமெரிக்கா போனார். ஃப்ராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறிப் போகும் பயணம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு நாளைத் தாண்டிவிடும். “ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போங்கப்பா,” என்று அக்கா கூப்பிடும்போதெல்லாம் அப்பா, “நேரா போற பிளேன் வரட்டும், வர்றேன்,” என்பார்.

நேராகப் போகும் விமானம் வந்தது. 2018 அக்டோபர் 11-ஆம் தேதி, ஏ350-900 யூஎல்ஆர் என்ற புதிய விமானத்துடன் நூவர்க் சேவை மீண்டும் தொடங்கியது. இதில் இரண்டே இயந்திரங்கள். 165,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். ஒரு காருக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 3,300 கார்களுக்கு நிரப்பலாம். முழுக்க நிரப்பினால், புறப்படும் நேரத்தில் விமானத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருள்தான். அந்தச் சுமைக்கு ஈடாகத்தான் ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். பிசினஸ் வகுப்பில் 67 இருக்கைகள், பிரிமியம் இக்கானமியில் 94, மொத்தம் 161. சாதாரண இக்கானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அப்பாவுக்கும் அதுதான் அடுத்த தடை. “அந்தக் காசுக்குப் பேரப்பிள்ளைக்கு ஏதாவது வாங்கலாம்,” என்றார். பிறகு கோவிட் வந்தது. 2020 நவம்பர் 9-ஆம் தேதி, விமான நிலையங்கள் வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில், அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கென்னடி விமான நிலையத்துக்கும் நேரடிச் சேவை தொடங்கியது. அது தொடங்கியபோது நாம் யாரும் நினைத்தபடி வெளியூர் போக முடியவில்லை. போக முடிந்தபோது அப்பாவின் இதயம் பலவீனமாகிவிட்டது.

2023 ஜூலையில் ஒரு நாள் காலை, “சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க,” என்றார் மருத்துவர். அதைக் கேட்டதும் அக்காவை அழைத்தேன். அங்கே இரவு. அவர் ஏற்கெனவே பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். அன்றிரவு பத்தரை மணி விமானத்தில் கிளம்பினார். நம் நேரத்துக்கு அது காலை பத்தரை. மறுநாள் விடிகாலை ஐந்து மணி வாக்கில் சாங்கியில் இறங்குவார்.

அப்பா அன்று மாலை ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டார். அக்கா அப்போது வானத்தில் ஏழு மணி நேரத்தைக் கடந்திருந்தார். இன்னும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

வெள்ளிக்கிழமை முடிந்ததா?

அதற்குப் பிறகு, அம்மாவை எப்படியும் ஒருமுறை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போவது என்று முடிவு செய்தேன். ஓரிடத்தில் இறங்கி ஏறும் பயணம் என்றால் விலை குறையும், ஆனால் மொத்த நேரம் 24 மணியைத் தாண்டிவிடும். நடு இரவில் தெரியாத விமான நிலையத்தில் அம்மாவை நடக்க வைக்க எனக்கு மனமில்லை. நேரடி விமானத்துக்கே இரண்டு டிக்கெட் எடுத்தேன். சேமிப்பு கரைந்தது உண்மைதான்.

கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்தோம். நீண்ட நேரம் கால்களை அசைக்காமல் உட்கார்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால் காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறைகள் வாங்கச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். சக்கர நாற்காலி உதவிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தோம். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு எஸ்டா எனப்படும் இணைய அனுமதி போதும். அதையும் இரண்டு வாரங்களுக்கு முன்பே முடித்தோம். அம்மாவின் பெட்டியிலிருந்து நான் வெளியே எடுத்து வைத்தது ஒன்றே ஒன்று, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டு போகக் கூடாது. “முறுக்கு போகலாம், முறுக்குல இருக்கிற கறிவேப்பிலை போகக்கூடாதா?” என்று அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை நள்ளிரவை ஒட்டி விமானம் கிளம்பியது. நூல் காட்டிய வழியில் வடதுருவத்துக்குப் போகவில்லை. விமானிகள் அன்றன்றைய காற்றைப் பார்த்துப் பாதையைத் தேர்வு செய்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். அதன் முதுகில் ஏறிக்கொண்டால் தூரம் கூடினாலும் நேரம் குறையும். எங்கள் விமானம் ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் கடலைக் கடந்து, அலாஸ்கா பக்கமாகக் கனடாவுக்குள் நுழைந்து, நியூயார்க்குக்கு இறங்கியது. குறுக்கு வழி எப்போதும் சீக்கிரம் கொண்டு சேர்க்காது என்பது வானத்திலும் உண்மை.

இதில் அம்மாவுக்கு ஒரு பெரிய சிக்கல். அவர் வெள்ளிக்கிழமைகளில் சைவம்.

இரவு ஒரு மணிக்கு முதல் சாப்பாடு வந்தது. “மணி பன்னிரண்டு தாண்டிருச்சு, வெள்ளி முடிஞ்சுதுல்ல?” என்றார். முடிந்தது என்றேன். ஐந்து மணி நேரம் கழித்து ஜப்பான் பக்கம் சூரியன் எழுந்தது. சனிக்கிழமை விடிந்துவிட்டதென்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு விமானம் பசிபிக்கின் நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்தது. தேதி ஒரு நாள் பின்னால் போனது.

“அம்மா, இப்ப மறுபடியும் வெள்ளிக்கிழமை.”

“என்னடா சொல்ற?”

“வெள்ளிக்கிழமை மத்தியானம்.”

அம்மா சன்னலைப் பார்த்தார். சற்று நேரத்தில் அந்தச் சூரியனும் மறைந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம்தான் பகல். பிறகு மறுபடியும் இரவு. அந்த இரவு நியூயார்க்கில் சனிக்கிழமை அதிகாலை ஐந்தரை வரை நீண்டது. ஒரு பயணத்தில் இரண்டு இரவு, ஒரு குட்டிப் பகல், ஒன்றரை வெள்ளிக்கிழமை. நல்லவேளையாக, அம்மாவுக்கு நான் முழுப் பயணத்துக்கும் இந்திய சைவ உணவுதான் பதிவு செய்திருந்தேன்.

பதினெட்டு மணி நேரம் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். தூங்கினோம், நடந்தோம், இரண்டு படம் பார்த்தோம். இந்த விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்படுகிறதாம். கெந்திங் மலையில் உட்கார்ந்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே போகும் பழைய விமானங்களைவிடக் களைப்பு குறைவு. விமானிகள் நான்கு பேர் முறைவைத்து ஓட்டுகிறார்கள், தூங்குகிறார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சீனப் பாட்டியும் பேரப்பிள்ளையைப் பார்க்கத்தான் போனார். இருவருக்கும் பொதுவான மொழி பாசார் மலாய். பத்தாவது மணி நேரத்தில் முறுக்கு கை மாறியது.

அதிகாலை மூன்று மணி

நியூயார்க்கில் நாங்கள் முதலில் போன இடம் சுதந்திர தேவி சிலை இல்லை. குவீன்ஸின் ஃப்ளஷிங் வட்டாரத்தில், பௌன் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயில். 1977-இல் குடமுழுக்கு கண்ட கோயில் அது. கீழ்த்தளத்தில் இருக்கும் உணவகத்தில் தோசை பிரபலம். வெளியே உறைபனிக் குளிர். உள்ளே மசால் தோசையும் காப்பியும். “15,000 கிலோமீட்டர் வந்தும் பிள்ளையார் முன்னாடி வந்து உட்கார்ந்திருக்காரு பாரு,” என்றார் அம்மா. அக்கா மகன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சன்னதியாக ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். அம்மாவும் முதல்முறை கேட்பதுபோலத் தலையாட்டினார்.

பகல் எல்லாம் நன்றாகத்தான் போனது. இரவுதான் பிரச்சினை. அங்கே அதிகாலை மூன்று என்றால் நமக்கு மாலை நான்கு. உடம்பு இன்னும் சிங்கப்பூரிலேயே இருந்தது. மூன்றாம் நாள் அந்த நேரத்துக்கு எழுந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். விளக்கைப் பார்த்துவிட்டு அக்கா வந்தார். தேநீர் போட்டார். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒன்றரை ஆண்டாக நாங்கள் பேசாமல் விட்ட பேச்சு.

அன்று விமானத்திலிருந்து அக்கா எனக்கு இரண்டு குறுஞ்செய்திகள் அனுப்பியிருந்தார். விமானத்தில் வைஃபை உண்டு. மாலை நான்கு மணிக்கு, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். “அப்படியேதான் இருக்கார்” என்று எழுதினேன். அது உண்மை. இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் கேட்டார். அப்பா போய் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியப்பா, “பறக்கிற பிள்ளைகிட்ட எதுக்குச் சொல்லணும், வந்து தெரிஞ்சுக்கட்டும்,” என்றார். வீட்டில் எல்லாரும் அதையே சொன்னார்கள். நான் எழுதினேன்: “நீ தூங்கு அக்கா. வந்து பேசலாம்.”

தினமும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தி சொல்பவன், சொல்ல வேண்டிய ஒரே செய்தியைச் சொல்லவில்லை.

“முதல்ல ‘அப்படியேதான் இருக்கார்’னு எழுதின,” என்றார் அக்கா, தேநீரைப் பார்த்துக்கொண்டே. “அப்புறம் ‘தூங்கு’ன்னு எழுதின. எனக்குப் புரியாதா தம்பி? அப்பவே தெரிஞ்சுபோச்சு. எட்டு மணி நேரம். ரெண்டு பக்கமும் தெரியாதவங்க. சத்தம் போட்டு அழ முடியல. பாத்ரூம்ல எவ்வளவு நேரம் நிக்க முடியும்? நீ சொல்லியிருந்தா, நான் திரும்ப எழுதியிருப்பேன். நீ ஏதாவது எழுதியிருப்ப. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.”

நான் நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. “தப்புதான்க்கா,” என்றேன். அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். விடியும் வரை அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் வராமலே போன இந்த வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், எதற்கெல்லாம் குறை சொல்லியிருப்பார் என்றுகூடப் பேசினோம். இருவரும் சிரித்தோம்.

ஏழாவது மணி

மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை இரவு பத்தரைக்குத் திரும்பும் விமானம். அக்கா அன்று ஏறிய அதே சேவை. இது திங்கட்கிழமை காலையில்தான் சாங்கியில் இறங்கும். போகும்போது கூடுதலாகக் கிடைத்த வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக, வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வானத்திலேயே கழிந்துவிடும்.

இம்முறை விமானம் அட்லாண்டிக் கடல் வழியே கிழக்கே போனது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. வீட்டிலிருந்து கிளம்பி ஒரே திசையில் பறந்து வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டோம். அம்மாவிடம் சொன்னபோது, “பிள்ளையார்தானே அம்மையப்பனைச் சுத்தினா போதும்னாரு, நமக்கு உலகத்தையே சுத்த வச்சுட்டாரே,” என்றார்.

ஏழாவது மணி நேரத்தில் நான் திரையைப் பார்த்தேன். விமானம் ஐரோப்பாவின் மேல் இருந்தது. விளக்குகளை அணைத்திருந்தார்கள். பலரும் தூக்கத்தில் இருந்தார்கள். அம்மா விழித்திருந்தார்.

“எத்தனை மணி நேரம் ஆச்சு?”

“ஏழும்மா.”

அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சற்று நேரம் கழித்து அம்மா, “அன்னிக்கு வேண்டாம்னு முதல்ல சொன்னது பெரியப்பா இல்ல, நான்தான். அவகிட்ட அதைச் சொன்னியா?” என்றார்.

“இல்லம்மா. நான் சொல்லலன்னுதான் சொன்னேன்.”

அம்மா போர்வையை இழுத்துக்கொண்டார். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் நான்கு பாட்டும் ஒரு செய்தி அறிக்கையுமாக ஓடிவிடும். இங்கே ஒவ்வொரு மணி நேரமும் அறுபது நிமிடங்களாகத்தான் நகர்ந்தது. அட்டவணையில் 18 மணி 40 நிமிடம் என்று படிக்கும்போது இது தெரியாது. இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம் யாருக்கும் மாறாது. ஆனால், என்ன நினைப்போடு ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து அதே பயணம் குறுகியும் போகிறது, நீண்டும் விடுகிறது.

கடைசி நான்கு மணி நேரத்தில் விமானம் இந்தியாவைக் கடந்து வங்காள விரிகுடாவின் மேல் வந்தது. அம்மாவைத் தட்டி வரைபடத்தைக் காட்டினேன். 1976-இல் கல்யாணமான புதிதில், நாகப்பட்டினத்திலிருந்து ‘சிதம்பரம்’ கப்பலில் ஏறி அம்மா கடந்து வந்த கடல் அது. அவருக்கு அப்போது ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. பினாங்கில் நின்று, கிள்ளான் துறைமுகத்தில் நின்று, வாந்தி எடுத்து ஓய்ந்து, சிங்கப்பூரில் இறங்கியபோது அப்பா துறைமுகத்தில் காத்திருந்தாராம். பிறகு ஊரில் தாத்தா தவறிய செய்தி தந்தியாகத்தான் வந்ததாம். கிளம்பிப் போவதற்கு வழியே இல்லை.

“எனக்கு அப்பா போனது மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்,” என்றார் அம்மா. “அதான், அவளுக்கு ஒரு ராத்திரிதானேன்னு நெனச்சுட்டேன்.”

ஒரு வாரக் கடலை அந்தத் திரையில் ஒரு விரல் அகலத்தில் கடந்துகொண்டிருந்தோம்.

சும்மா ஒரு பயணம்

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளித்துவிட்டு முதல் வேலையாக அக்காவை அழைத்தார். “அன்னிக்கு உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னது நான்தான்டி. தம்பி மேல கோபப்படாத.” மறுமுனையில் அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. “எனக்குத் தெரியும்மா. அவனுக்கு அவ்வளவு தைரியம் ஏது?”

இப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு விதி உண்டு. நல்லதோ கெட்டதோ, யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தாலும், வானத்தில் இருந்தாலும், நேராகச் சொல்லிவிட வேண்டும். “வந்து பேசலாம்” கிடையாது.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் நம்மிடையே நிறைய. மெல்பர்ன், லண்டன், டொரொண்டோ என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணிக்கணக்கு இருக்கும். பெரும்பாலும் அந்த நேரடி விமானத்தை அவசரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் விலையைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கிறோம். எல்லாரும் நன்றாக இருக்கும்போது மட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம், விலை இறங்கட்டும், விடுமுறை கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். அப்பா ஆண்டுக்கணக்கில் காத்திருந்த விமானம் வந்த பிறகும் அவர் அதில் ஏறவில்லை. அந்தக் காசை நாங்கள் மிச்சப்படுத்தவும் இல்லை. 2023 ஜூலையில், ஓர் இரவுக்குள் எடுத்த ஒற்றை டிக்கெட்டுக்கு அதைக் கொடுத்தோம்.

போன வாரம் காலை நிகழ்ச்சியில், “இப்போது நேரம் மணி ஏழு,” என்று சொல்லி முடித்த கையோடு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. ஜூன் பள்ளி விடுமுறைக்கு அவரும் அத்தானும் மகனும் வருகிறார்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

யாருக்கும் உடம்பு சரியில்லை என்று இல்லை. வீட்டில் விசேஷமும் இல்லை. சும்மா வருகிறார்கள்.